செக்கரம்மாவின் மோப்பம்

பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் வருகிறவனைக் கண்டுபிடிக்க டிக்கெட்டைக் கேட்கவே வேண்டாம் என்பது செக்கரம்மாவின் கட்சி. அவள் படியேறியதும் யார் ஜன்னலுக்கு வெளியே அக்கறையாகப் பார்க்கத் தொடங்குகிறான், யார் திடீரென்று தூங்கிப்போகிறான், யார் கேட்பதற்கு முன்பே சட்டைப்பையைத் தடவுகிறான் என்று ஒரு நோட்டம் விடுவாள். அவ்வளவுதான். நேரே அந்த ஆளிடம் போய் நிற்பாள். இருபத்து மூன்று வருட சர்வீஸில் அவள் குறி தப்பியது குறைவு. தப்பிய சமயங்களிலும் அவள் அதை முழுசாக ஒத்துக்கொண்டதில்லை. "இன்னிக்கு எடுத்திருக்கான். நேத்து எடுத்திருக்க மாட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவாள்.

டிக்கெட் செக்கர் என்பதால் டிப்போவில் வைத்த அந்தப் பெயர் தெருவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாலும் கண்ணைக் கழற்றி மாட்ட முடியவில்லை. பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லாமல் சிரித்தால் இரண்டு நாள் யோசிப்பாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், காலையில் கிளம்பும்போது, "டிக்கெட் காட்டட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

அந்த வீட்டில் சந்தேகமே விழாத ஒரே ஆள் அவள் புருஷன். கண்ணாடிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க கைக்கெட்டும் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், எதிரே வருகிறவர்களை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பேச்சும் அதே வேகம்தான். பொய் சொல்ல வராது. ஒரு தடவை பூச்சட்டியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டபோது காது மடல் இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டன.

ஆறு வருடமாக அவர் ஞாயிறுதோறும் விடிந்ததும் ஊர் எல்லையில் இருக்கும் குடிநீர் ஏரிக்குத் தூண்டில் போடப் போகிறார். "தூரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தா கண்ணுக்கு நல்லதாம்" என்று ஆரம்பித்த பழக்கம். பத்து, பத்தரைக்கெல்லாம் திரும்பிவிடுவார். பெரும்பாலும் வெறுங்கையோடு வர மாட்டார். சில வாரம் கெண்டை, சில வாரம் விரால். செக்கரம்மா அதைச் செதில் சீவிக் குழம்பு வைப்பாள். மூன்று பேரும் சாப்பிடுவார்கள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அந்த ஞாயிறு அவர் சட்டையை ஊறப்போட எடுத்தபோதுதான் மூக்கு விழித்துக்கொண்டது.

கை மடிப்பில் ஒரு வாடை. புளிப்பும் இனிப்புமாக, மூடியிருந்த பாட்டிலைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற வாடை. செக்கரம்மா சட்டையை மறுபடியும் மூக்கில் வைத்துப் பார்த்தாள். தப்பில்லை. சரக்கு வாடை.

அவளுக்கு அந்த வாடை புதிதல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில், டிப்போவிலிருந்து கிளம்பத் தயாராக நின்ற பேருந்தில் சோதனைக்கு ஏறியபோது, டிரைவர் சீட்டருகே இதே வாடை அடித்தது. சீட்டில் இருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. கண் சிவந்திருந்தது. அதற்கு முன்பே சில வாரங்களாக அவன் நடையும் பேச்சும் அவளுக்குப் பிடிபடாமல்தான் இருந்தன. பின்னால் டிப்போ மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், மெக்கானிக்குகள் நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி என்று விட்டுவிட்டாள் என்று நாளைக்கு ஒருவன் சொல்லக் கூடாது. அவள் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை எடுத்து, 'மது வாடை வீசியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பரிசோதிக்க வேண்டிய டாக்டர் அன்று விடுப்பு. மறுநாள் எடுத்த பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. ஒரு நாள் கழித்துத் தெரியவும் தெரியாது. அவள் எழுதிய தாள் மட்டும்தான் மிஞ்சியது. அதை வைத்தே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசுவதில்லை. அவன் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. யாரும் அவளிடம் சொன்னதுமில்லை.

இப்போது அந்த வாடை அவள் வீட்டு வாளிக்குள்ளேயே வந்துவிட்டது.

அவள் கத்தவில்லை. கத்துகிறவளுக்கு ஆதாரம் கிடைக்காது. சட்டையை ஊறப்போட்டுவிட்டு, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"இன்னிக்கு மீன் நல்லாக் கடிச்சுதா?"

"ம். கிடைச்சுது."

"தனியாவா உக்காந்திருந்தீங்க?"

"அங்க எல்லாரும் தனியாத்தாம்மா உக்காந்திருப்பாங்க" என்றார். காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் உறுத்தியது.

அந்த வாரம் முழுக்க அவள் தன் வீட்டையே ஓடுகிற பேருந்து மாதிரி சோதனை போட்டாள். முதலில் அவர் கை. நைலான் நரம்பை இழுத்து இழுத்து வீசுகிறவனுக்கு ஆள்காட்டி விரலின் உள்பக்கம் மெல்லிய கோடு கோடாக வெட்டு விழும். அவள் பேருந்தில் எத்தனையோ தூண்டில்காரர்களின் கையைப் பார்த்திருக்கிறாள். இவர் விரல் குழந்தை விரல் மாதிரி இருந்தது. அடுத்தது பிளாஸ்க். மூன்று பேருக்குக் காணும் அளவு காபி போட்டுத் தரச் சொல்வார். காலியாகத்தான் திரும்பி வரும். பையைத் துழாவியதில் டம்ளர்கள் இரண்டு. ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு டம்ளர்? குடி என்று தொடங்கிய சந்தேகம் அந்த இரண்டாவது டம்ளரில் வந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு ஆதாரம் தானாகவே அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அவர் கிளம்பிப் போன பிறகு பழைய துணி எடுக்கத் திறந்தால், தூண்டிலின் ரீல் அங்கேயே இருக்கிறது. மனுஷன் வெறும் கம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ரீல் இல்லாமல் நரம்பு இல்லை, நரம்பு இல்லாமல் முள் இல்லை, முள் இல்லாமல் மீனும் இல்லை. செக்கரம்மா அலமாரியைச் சாத்திவிட்டுக் காத்திருந்தாள்.

பத்தேகாலுக்கு அவர் வந்தார். பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் வெளியே வந்தது.

"பெரிசா இருக்கே" என்றாள்.

"ஆமாம்மா. கிடைச்சுது."

சமையல் மேடையில் போட்டு வாயைப் பிளந்து பார்த்தாள். மேல் தாடையில் முள் ஏறிய ஓட்டை புத்தம் புதிதாக இருந்தது. வலையில் அரித்த மீன் இல்லை, மார்க்கெட்டில் ஐஸில் கிடந்ததும் இல்லை. யாரோ தூண்டிலில் பிடித்தது. அந்த யாரோ இவர் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு வருடத்தில் இந்த மனிதர் ஒரு நாள்கூட 'பிடிச்சேன்' என்று சொன்னதில்லை. 'கிடைச்சுது', 'வந்துது', 'இன்னிக்கு இவ்வளவுதான்'. பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொல்லாமலேயே ஆறு வருடம் ஓட்டியிருக்கிறார்.

மகளைக் கூப்பிட்டாள். "உங்கப்பா ஏரிக்கரையில யாரைப் பாக்கப் போறார்?"

மகள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள், துண்டை முகத்தின் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பேருந்தில் தூங்குவதுபோல் நடிப்பவர்களின் அதே சாயல்.

"அப்பாகிட்டயே கேளேம்மா."

"கேட்டா சொல்வாரா?"

"நேராக் கேட்டாச் சொல்வார். நீ எப்பம்மா நேராக் கேட்டிருக்கே?"

"கேட்டுட்டா உஷாராயிடுவாங்க" என்றாள் செக்கரம்மா. அவள் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பி அரை மணி கழித்து அவளும் கிளம்பினாள். சாதாரணச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. ஏரிப் பக்கம் போகும் பேருந்தில் ஏறியதும் கண்டக்டர் விறைத்து நிமிர்ந்து நின்றார். "செக்கரம்மா, ஞாயித்துக்கிழமையும் டூட்டியா?" "டூட்டி இல்ல. டிக்கெட் குடுங்க" என்றாள். அவர் நம்பவில்லை. அடுத்த மூன்று நிறுத்தத்துக்கும் பின்பக்கம் முன்பக்கம் என்று நடந்து எல்லாருக்கும் மறுபடி டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏரியின் ஒரு பக்கம் சிமென்ட் சரிவு, மறு பக்கம் மண்கரை. நடுவே தண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸ், அதைச் சுற்றி இரும்பு வேலி. வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். சரிவு நெடுக பதினைந்து இருபது அடிக்கு ஒருவராகத் தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தன் தக்கையைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்ட மாதிரி. ஆனால் ஒருவர் நரம்பு இறுகினால் போதும், பத்து கழுத்து ஒரே நேரத்தில் திரும்புகிறது. என்ன இரை போட்டான், எவ்வளவு ஆழத்தில் போட்டான் என்று ஓரக்கண்ணால் அளக்கிறது. ஒருவர் இரைப் பெட்டியைத் திறக்கும்போது முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். இன்னொருவர் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து முள்ளை மாற்றினார். செக்கரம்மாவுக்கு இந்த இடம் உடனே பிடித்துப்போயிற்று. எல்லாருமே சந்தேகப் பேர்வழிகள்.

முதலில் இருந்தவர் வயதானவர். மடியில் சின்ன ரேடியோ, சத்தம் அவர் காதுக்கு மட்டும். செக்கரம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, கண்ணாடிக்கடைக்காரர் எங்க உக்காருவார்?"

ரேடியோக்காரர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அந்த மாமா மச்சான் ஜோடியா? பம்ப் ஹவுஸ் தாண்டி, கோரைப் பக்கம் பாரும்மா. மச்சான்தான் பிடிப்பான். மாமா காபி ஊத்துவார்."

செக்கரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அவருக்கு அக்கா தங்கை கிடையாது. அப்படியானால் மச்சான் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும். இருபத்து மூன்று வருடம் மின்னலாக வேலை செய்த மூளை அந்த இடத்தில் ஒரு நிமிஷம் பேசாமல் படுத்துவிட்டது.

பம்ப் ஹவுஸ் சுவரை ஒட்டி நடந்து மூலையில் நின்று எட்டிப் பார்த்தாள். கரையில் இரண்டு முதுகுகள். உட்கார்ந்திருந்தது புருஷன், பக்கத்தில் அவள் வீட்டு பிளாஸ்க். நின்றுகொண்டிருந்தவனுக்கு முன்தலை ஏறியிருந்தது, உடம்பு இளைத்திருந்தது, ஆனால் வலது தோளைக் கொஞ்சம் தூக்கிவைத்து நிற்கிற அந்த நிற்பு மாறவில்லை. ஸ்கூல் படிக்கும்போதே அவன் அப்படித்தான் நிற்பான்.

தம்பி கம்பைப் பின்னால் சாய்த்து வீசினான். நரம்பு நுனியில் ஒரு ரப்பர் தவளை பறந்து போய்க் கோரைக்கு அந்தப் பக்கம் இலைகளுக்கு நடுவே 'தொப்' என்று விழுந்தது. விழுந்ததும் அவன் இழுக்கவில்லை. நீர் வட்டம் முழுக்க அடங்கும்வரை சும்மா நின்றான். பிறகு கம்பின் நுனியை ரெண்டு தட்டு. தவளை ரெண்டு தத்து தத்தி நின்றது. மறுபடி சும்மா. மறுபடி ரெண்டு தட்டு. நிஜத் தவளையே பார்த்தால் ஏமாந்துபோகும். மூன்றாவது தத்தில் இலைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் வெடித்தது. தவளையைக் காணோம்.

அவன் உடனே இழுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. அப்புறம்தான் கம்பை ஒரே தூக்காகத் தூக்கினான். கம்பு வில்லாக வளைந்தது.

"மாமா, வலை."

கண்ணாடிக்காரர் கைவலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்து திரும்பியவர், கிட்டப் பார்வைக்கே பழகிய கண்ணோடு பம்ப் ஹவுஸ் மூலையைப் பார்த்தார். இந்த ஒரு தடவை அடையாளம் தெரிய அவருக்கு நேரமே பிடிக்கவில்லை. வலை கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போயிற்று. அதைப் பிடிக்கப் போய் நரம்பின் மேலேயே விழுந்தார். நரம்பு தளர்ந்தது. விரால் போயிற்று.

"என்ன மாமா நீங்க" என்று அலுத்துக்கொண்டே திரும்பிய தம்பி அவளைப் பார்த்தான்.

"அக்கா" என்றான். கூப்பிட்ட மாதிரியும் இல்லை, கேட்ட மாதிரியும் இல்லை.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை, "கையை நீட்டு" என்பது.

அவன் நீட்டினான். அவள் குனிந்து முகர்ந்தாள். அதே வாடை. புருஷனின் சட்டையில் இருந்தது, டிரைவர் சீட்டருகே அன்று அடித்தது. அவன் மறு கையால் காலடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியைக் காட்டினான். "என் கையில ஏன் தேடறே? அங்க இருக்கு."

அவள் மூடியைத் திறந்தாள். குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் நுரை கட்டிய ஏதோ மாவு.

"என்னது இது?"

"கெண்டைக்கு இரை. தவிடு, சோளக்குருணை, பழைய ரொட்டி, கொஞ்சம் சர்க்கரைப் பாகு. நாலு நாள் மூடி வெச்சாப் புளிச்சுடும். புளிச்சாத்தான் கெண்டை மோந்து பாத்து வரும்."

"எத்தனை வருஷமா இதைப் பிசையறே?"

"லைசென்ஸ் எடுக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

பக்கத்தில் நனைந்த சட்டையோடு நின்ற புருஷன், "ரெண்டு வாரம் முன்னாடி நானும் ஒரு கை பிசைஞ்சேன்" என்று சொல்லித் தொண்டையைக் கனைத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அன்னிக்கும் டப்பா பையிலதான் இருந்துது. சீட்டுக்குக் கீழ. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சதும் நேரா இங்க வரலாம்னு, நாலு நாளாப் புளிச்சதை ராத்திரி சரியாத் தூங்காம விடியறதுக்குள்ள பிசைஞ்சு எடுத்துட்டு வந்தேன்."

"ஏன்டா சொல்லலை?"

"நீ கேக்கலையே. எழுதினே."

அவள் வாளியின் மூடியை மறுபடி அழுத்தி மூடினாள்.

"மேனேஜர்கிட்டச் சொன்னேன். டப்பாவையும் காட்டினேன். 'கூடப் பிறந்தவளே எழுதியிருக்கா, மாவாம் மாவு'ன்னு சிரிச்சார்."

 செக்கரம்மா அந்தச் சரிவிலேயே உட்கார்ந்தாள். ஒன்பது வருடம். அம்மா இல்லாத வீட்டில் தலை பின்னத் தெரியாத கையால் அவனுக்குத் தலை வாரிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பியவள் அவள். வாயைத் திறந்தாள். "நான் தப்புப் பண்ணிட்டேன்டா" என்று சொல்லத்தான் திறந்தாள்.

"இரு" என்றான் தம்பி. "முழுசாக் கேட்டுக்கோ. அப்புறம் சொல்லு."

அவன் தளர்ந்துபோன நரம்பைச் சுற்றத் தொடங்கினான். கண் தண்ணீரில் இருந்தது. "அன்னிக்குக் குடிக்கலை. ஆனா அதுக்கு முந்தின வாரம் ரெண்டு நாள் குடிச்சுட்டு வண்டி எடுத்தேன். காலையில குடிக்கலை, ராத்திரி குடிச்சது இறங்கலை. நீ அப்ப லீவு. யாருக்கும் தெரியாது. மாமாவுக்குக்கூட இப்பத்தான் தெரியும்."

கண்ணாடிக்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

"வண்டியில ஆள் இருந்தாங்களா?" என்று கேட்டாள் அவள். குரல் டிப்போக் குரலாக மாறியிருந்தது.

"ரெண்டு நாளும் நிக்க இடமில்ல."

அவளுக்கு அழுகையும் வரவில்லை, திட்டவும் வரவில்லை. அன்று அவள் தப்பான நாளில் சரியான ஆளைப் பிடித்திருக்கிறாள். அல்லது சரியான ஆளைத் தப்பான காரணத்துக்காகப் பிடித்திருக்கிறாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிடி கிடைக்கவில்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு வேலிக் கிழிசலைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே புருஷன் கம்பு, பை, பிளாஸ்க் எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். பேருந்தில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கேட்டாள். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்மா. மாமா மாத்திரை வாங்கற ஆளா வந்து கடையில அரை மணி பேசிட்டுப் போவார். உனக்கு மட்டும்தான் தெரியாது."

ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு, தன் சமையல் மேடையில் ஆறு வருடமாகச் செதில் சீவியது தம்பி அனுப்பிய மீன் என்பது மட்டும் தெரியவில்லை. "அக்காவுக்கு விரால்னா உசிரு" என்று நல்லதாகப் பார்த்து எடுத்துவைப்பானாம். புருஷன் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது அவள் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி ஐஸ் பேக்டரியில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. டிரைவர் வேலைக்கு எங்கே மனுப் போட்டாலும், பழைய இடத்தில் விசாரிப்பார்கள். அவள் எழுதிய வரி அங்கே கோப்பில் இருக்கும். அதோடு கதவு மூடிவிடும்.

அடுத்த இரண்டு வாரம் செக்கரம்மா பேருந்துகளில் ஏறி இறங்கினாள். பழக்கத்தில் கை டிக்கெட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது. ஒரு நாள் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கரம்மா நேரே போய் நின்றாள். பெண்ணிடம் டிக்கெட் இருந்தது. வெளியே நிறுத்தத்தில் அவள் குழந்தை கையாட்டிக்கொண்டிருந்தது, அதைத்தான் பார்த்திருக்கிறாள். "இன்னிக்கு எடுத்திருக்கா" என்று ஆரம்பித்த வாக்கியத்தைச் செக்கரம்மாவால் முடிக்க முடியவில்லை.

அன்று மாலை டிப்போவில் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினாள். பழைய அறிக்கையின் தேதியையும் எண்ணையும் எழுதினாள். அப்புறம் பேனா நின்றுவிட்டது. அவன் குடிக்கவில்லை என்று எழுதுவதா? அவளுக்கு எப்படித் தெரியும், அவன் சொன்னதுதானே. முந்தின வாரம் குடித்தான் என்று எழுதுவதா? அதுவும் அவன் சொன்னதுதான். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் அது கள்ளத்தனம். இரண்டையும் எழுதினால் அவன் ஜென்மத்துக்கும் ஸ்டீரிங்கைத் தொட முடியாது. அவனே வலிய வந்து சொன்னதை வைத்து அவனை இரண்டாம் தடவை வீழ்த்துவதா?

கடைசியில் தான் கண்டதை மட்டும் எழுதினாள். 'வாடையை மட்டும் வைத்து எழுதினேன். அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையைச் சோதிக்கவில்லை. அதே வாடை புளித்த தூண்டில் இரையில் வருவதை இப்போது நேரில் அறிந்தேன். அன்றைய என் பரிசோதனை முறையானது அல்ல.' கையெழுத்துப் போட்டாள். புதிய மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, "உங்க சர்வீஸ் ரெக்கார்டுல கறை விழுமேம்மா" என்றார். "விழட்டும் சார், அது என் கறைதானே" என்றாள். விழவும் விழுந்தது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு அவளைத் தாண்டி வேறொருவருக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். அவன் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.

"ரெண்டு நாள் விஷயத்தை எழுதினியா?"

"இல்ல. அது நான் பாக்கலை."

"இப்ப நான் குடிக்கிறதில்ல. ஆறு வருஷம் ஆச்சு. மாமா இங்க வர ஆரம்பிச்சப்புறம் விட்டது."

"அது நீ சொல்றது" என்றாள் அவள். "நான் பாத்துத்தான் நம்புவேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பாரு. உக்காந்து பாரு. யாரு வேணாம்னா?"

அவள் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் உட்கார்ந்தாள். மூன்றாவது டம்ளர் பைக்குள் வந்தது. வந்ததும் முதல் வேலையாகத் தம்பிக்கு எதிரே நின்று பேச்சுக் கொடுப்பாள். எதற்கு என்று அவனுக்கும் தெரியும், காது சிவக்க பிளாஸ்க்கைத் திறக்கும் புருஷனுக்கும் தெரியும். சில நாள் அவன் எரிச்சலாகி முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒரு நாள் வந்தவுடன் கோபித்துக்கொண்டு கோரைக்கு அந்தக் கோடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தான். அவளும் எழுந்து அங்கே போய் உட்கார்ந்தாள். ஒன்பது வருடக் கணக்கு நாலு ஞாயிற்றில் தீர்ந்துவிடுமா என்ன.

சும்மா உட்காரப் பிடிக்காமல் அவளும் தூண்டில் பிடித்தாள். கண்ணாடிக்காரருக்கு ஆறு வருடத்தில் வராதது அவளுக்கு ஆறு வாரத்தில் வந்தது. தக்கை அசைவதைப் பார்த்தே, இரையைக் கொறிப்பது சில்லறைப் பொடி மீனா, மோந்து பார்த்துவிட்டு யோசிக்கும் கெண்டையா என்று சொல்லிவிடுவாள். "இது எடுக்காது, சும்மா நோட்டம் பாக்குது" என்பாள். அப்படியே ஆகும். மீன்களுக்கும் சந்தேகக் குணம் உண்டு என்பதை அவள் மரியாதையோடு ஏற்றுக்கொண்டாள். ரேடியோக்காரர் மட்டும் அவள் மாவில் ஏதோ மர்மப் பொருள் சேர்ப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எட்டு மாதம் கழித்து மீன்வளத் துறையில் டேங்கர் வண்டிக்கு டிரைவர் எடுத்தார்கள். மீன்குஞ்சுகளைப் பண்ணையிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் ஏரி ஏரியாக விடுகிற வேலை. தண்ணீர் அலம்பினால் குஞ்சு செத்துவிடும். ஆகவே நிதானமாக ஓட்டுகிறவன் வேண்டும். பழைய இடத்தில் விசாரித்தார்கள். அவள் எழுதிய இரண்டு தாள்களும் போயின. தம்பியை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் மாதத்தில் ஒரு நாள், அவளுக்கு விடுமுறை, அவனுக்குத் தூரத்து ஏரி ஒன்றில் சுமை இறக்க வேண்டியிருந்தது. "வர்றியா?" என்று கேட்டான். அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பின்னால் டேங்கில் பல்லாயிரம் குஞ்சுகள். அவன் பள்ளத்துக்கு முன்பே வேகம் குறைத்தான். வளைவில் வண்டியை வருடிக்கொடுப்பதுபோல் திருப்பினான். அவள் ஸ்பீடாமீட்டரைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். அவன் எதுவும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

வழியில் ஒரு நீண்ட நேர் ரோடு. இரண்டு பக்கமும் மரம். எப்போது என்று அவளுக்கே தெரியாது, தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தம்பி ஒரு கையால் அவள் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கிவிட்டான்.

விழித்தபோது வண்டி ஏரிக்கரையில் நின்றிருந்தது. அவன் கீழே இறங்கிப் பின்னால் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தான். குஞ்சுகள் வெள்ளிப் பொடியாகத் தண்ணீருக்குள் சரியும் சத்தம் கேட்டது. அவள் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

"எந்த வேகத்துல வந்தே?" என்று கேட்டாள்.